பத்துத் திருகாணிகளுக்குப் பின்னால்

புஸ்பராணி தேங்காய்ப்பாலை எஞ்சினுக்குள் ஊற்றினாள்.

அரைச் சிரட்டை இருக்கும். முதற்பால், தடிப்பானது. கியர் எண்ணெய் விடும் துவாரத்தில் புனலை வைத்து, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் விட்டாள். காது மட்டும் கிணற்றடியில் இருந்தது. அங்கே கப்பி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்கும் வரைக்கும்தான் அவளுக்கு நேரம். கப்பி நின்றால், கல் ஒப்பந்தம் எடுக்கும் கொந்தராத்துக் கனகசுந்தரம் கைகால் கழுவி முடித்துவிட்டார் என்று அர்த்தம். அவருக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றும் அவளுடைய புருஷன் இராசதுரையும் கூடவே வந்துவிடுவான்.

மூடியைத் திருகினாள். கிக்கரைக் கையால் அழுத்தினாள். ஒரு தரம். இரண்டு தரம். உள்ளே பற்சில்லுகள் உருண்டு பாலையும் எண்ணெயையும் சேர்த்துக் கடைந்தன. மூன்று தரம்.

கப்பி நின்றது.

அவர்கள் குசினிப் பத்திக்குள், சமையலறையை ஒட்டிய தகரச் சாய்ப்புக்குள், வந்தபோது புஸ்பராணி திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். மூச்சு மட்டும் கொஞ்சம் வாங்கியது.

"என்ன தங்கச்சி, ஓடி வந்த மாதிரி இளைக்கிறீர்?" கனகசுந்தரம் கதிரையில் சாய்ந்தார். "என்ர மோட்டச்சைக்கிளைத் தூக்கிப் பாத்தனீரோ?"

"தேங்காய் முத்தல் ஐயா."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். இராசதுரை சிரிக்கவில்லை. மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து காபரேற்றரைக் கையில் எடுத்தான். காலையிலிருந்து அவன் வேலை செய்த வேகம் அவளுக்குப் புதிது. சிலிண்டரைக் கழற்றி, பிஸ்ரன் றிங் மாற்றி, திரும்பப் பூட்டி, தலையை இறுக்கி முடித்துவிட்டான். காபரேற்றர் ஒன்றுதான் மிச்சம். அதையும் மாட்டினால் எஞ்சின் உயிர் பெற்று உறுமும். கனகசுந்தரம் இரண்டு மணிக்கு முன்னே திரியாய்க்குப் புறப்படுவார். பின்னேரம் ஆற்றில் தண்ணீர் ஏறினால் கடக்க ஏலாது என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். திரியாய்க்கும் அப்பால், காட்டோரத்தில் அவருடைய கல் உடைக்கும் இடம். அங்கே போய்விட்டால் இந்த மோட்டார் சைக்கிளை இனி ஒருவரும் தேடிப் பிடிக்கப்போவதில்லை.

அதற்குள் எஞ்சினின் வலது பக்கக் கவரைத் திறந்தாக வேண்டும். பத்துத் திருகாணிகள்.

திறக்காவிட்டால் நாளை காலை ஒன்பது மணிக்குத் தாஹிரின் வேலை போய்விடும்.

*

தாஹிர் கிண்ணியாக்காரன். ஒரு திணைக்களத்தில் வெளிக்கள உத்தியோகத்தன். வெளிநாட்டு உதவியில் வந்த சின்ன மோட்டார் சைக்கிள்களில் ஒன்றை அவன் பொறுப்பில் கொடுத்திருந்தார்கள். மணலும் சேறும் காட்டுப்பாதையும் ஓடுவதற்கென்று செய்தவை. உயர்ந்த மட்காட், பல்லுப்பல்லான ரயர், நூற்று இருபத்தைந்து சீசீ எஞ்சின். நூறு மைல் மணல் குடித்தால் அந்த எஞ்சினுக்கு இருமல் வந்துவிடும். இருமல் வந்தால் எல்லோரும் தேடி வருவது பாலையூற்றில் இராசதுரை வீட்டுக்குத்தான். சீனன்குடாவில் எந்திரம் பூட்டும் பிற்றராக வேலை செய்பவன், லீவு நாட்களில் குசினிப் பத்தியில் சாக்கை விரித்து எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டுவான்.

அதிலே பாதி வேலை புஸ்பராணியுடையது என்பது வந்து போகிறவர்களுக்குத் தெரியாது.

சாமான் இறக்குமதி இல்லாத காலம். கொழும்புக்குப் போனாலும் கடைக்காரர் கைவிரிப்பார். கவருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் எண்ணெய் கசியாமல் வைக்கிற தாளை, கஸ்கெற்றை, புஸ்பராணிதான் வெட்டுவாள். தடித்த தாள் வேண்டும். அந்தத் தடிப்பில் ஊரில் சும்மா கிடைப்பது கல்யாண அழைப்பிதழ்தான். அழைப்பிதழைக் கவரின் மேல் விரித்துப் பிடித்து, விளிம்பைச் சுற்றிச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால் தாள் தானாக வெட்டுப்பட்டு விழும். பிறகு ஆமணக்கெண்ணெயில் ஒரு நாள் ஊறவிடுவாள். அலுமாரியின் அடித்தட்டில் ஊர்க் கல்யாணங்கள் எல்லாம் அடுக்கிக் கிடந்தன. ஆவணியில் நடந்த அவளுடைய தங்கச்சியின் கல்யாணத்தில் மிஞ்சியவை மட்டும் ஒரு கட்டு இருக்கும். சில வேளை எஞ்சின் வீட்டுக்கே வராது. இராசதுரை கவரை மட்டும் சாக்கில் சுற்றிக் கொண்டுவருவான். நிலாவெளிக்காரர் ஒருவருடையது, மூதூர்க்காரர் ஒருவருடையது என்பான். அவள் வெட்டிக் கொடுப்பாள். பூட்டுகிறவன் அவன். தாளில் என்ன அச்சடித்திருக்கிறது என்று அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவனுக்கு அது தாள், அவ்வளவுதான்.

பங்குனியில் தாஹிரின் எஞ்சின் வந்தபோது, அவனுடைய சொந்தக் கல்யாண அழைப்பிதழிலேயே கஸ்கெற் வெட்டினாள். பச்சைத் தாளில் பொன்னிற எழுத்து. அதைப் பூட்டிய அன்றைக்குத் தாஹிரின் மனைவி றுக்கியாவும் வந்திருந்தாள்.

"உங்கட கல்யாணத்தை எஞ்சினுக்குள்ள பூட்டி வைச்சிருக்கு. இனி ஆராலும் பிரிக்க ஏலாது" என்று புஸ்பராணி பகிடி விட, றுக்கியா முக்காட்டுக்குள் சிரித்தாள்.

மறுநாள் விடியற்காலையில் பத்தி வெறுமையாகக் கிடந்தது. மோட்டார் சைக்கிள் இல்லை. வாசல் படலை திறந்து கிடந்தது.

படலைக் கொளுக்கியை இரவில் போடுவது புஸ்பராணியின் வேலை. போட்டேனா, போடவில்லையா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. "போட்டிருந்தா எப்பிடிக் கொண்டுபோறது?" என்று இராசதுரை ஒரே ஒரு தரம்தான் கேட்டான். அதுவே அவளுக்குக் காணும். ஒன்பது மாதமாக ஒவ்வோர் இரவும் மூன்று தரம் எழும்பிப் போய்க் கொளுக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறாள்.

அரசாங்கச் சொத்தை ஏன் தனியார் வீட்டில் விட்டாய் என்று தாஹிரைக் கேட்டார்கள். நீயே விற்றுவிட்டுக் களவு என்கிறாய் என்றார்கள். வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நாளை திங்கட்கிழமை கடைசி விசாரணை. அவனிடம் காட்ட ஒன்றுமில்லை.

இன்று காலை ஏழரை மணிக்கு, இராசதுரை சந்தைக்குப் போயிருந்த நேரம், கனகசுந்தரம் சிவப்பு நிறம் பூசிய ஒரு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "புகையாத் தள்ளுது தங்கச்சி, இழுவையே இல்லை. பாலையூற்றில ஒரு பிற்றர் இருக்கிறாராம், செத்த எஞ்சினையும் எழுப்புவாராம் எண்டாங்கள்."

புஸ்பராணியின் கண் சிலிண்டரில் நின்றது. காற்றுப் பிடிக்கிற தட்டுகளில் இடது பக்கம் மூன்றாவது உடைந்திருந்தது. உடைந்த இடம் பிறைபோல வளைவாக அராவியிருந்தது.

அராவியது அவள். தாஹிர் கல்லில் விழுந்து உடைத்துக்கொண்டு வந்தபோது, கால்சட்டையைக் கிழிக்கும் என்று அவள்தான் அரம் பிடித்து வளைத்தாள். எஞ்சின் நம்பரைக் குனிந்து பார்த்தாள். சுரண்டி அழித்துத் திரும்பக் குத்தியிருந்தது. இலக்கங்கள் குடித்தவர்கள்போல ஆளுக்கொரு பக்கம் சரிந்து நின்றன.

உடைந்த தட்டு ஒரு சாட்சியா? விசாரணைக்காரர் சிரிப்பார். உள்ளே கிடக்கும் பச்சைத் தாள்தான் சாட்சி.

எட்டு மணிக்கு வீதியில் நின்று, கிண்ணியாத் துறைக்குப் போகும் பஸ் கொண்டக்டரிடம் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தாள். 'தம்பி உடனே வாங்கோ. உங்கட சைக்கிள் எங்கட குசினிப் பத்தியில நிக்குது எண்டு நினைக்கிறன்.'

ஒன்பது மணிக்கு மீனோடு வந்த இராசதுரை மோட்டார் சைக்கிளைக் கண்டு வாசலிலேயே நின்றான். மீன் பார்சல் நழுவி நிலத்தில் விழுந்தது.

"உங்களுக்கும் தெரியுதுதானே?" என்று அவள் காதோடு கேட்டாள்.

"எல்லாச் சைக்கிளும் அந்தப் பக்கம்தான் விழும். பேசாமல் இரு."

"கவரைத் திறந்தாத் தெரியும்."

"அந்தாள் றிங்குக்கு வந்தவர். களவுச் சாமானோ எண்டு கேட்டு அடி வாங்கவோ? பொலிசில நாலு பேரைத் தெரிஞ்ச மனிசன். வாயைத் திறந்தியெண்டாத் தெரியும்."

துண்டு அனுப்பியதை அவள் சொல்லவில்லை. பயந்துவிட்டார், பாவம் என்றுதான் நினைத்தாள்.

*

"ஐயா, நேற்று ஆத்துக்குள்ளாலயோ வந்தனீங்கள்?" திருவலையை விட்டு எழும்பாமலே கேட்டாள்.

"பின்னை? சலப்பையாத்தில முழங்காலுக்கு மேல தண்ணி. லொறிக்காரன் நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறான், நான் சர்ரெண்டு விட்டனான்."

"அப்ப கியர் எண்ணெயை ஒருக்காப் பாக்கிறது நல்லம்."

"தேவையில்லை" என்றான் இராசதுரை.

சொன்ன வேகம் கூடிப்போயிற்று. கனகசுந்தரம் காதைக் குடைந்துகொண்டிருந்த விரலை எடுத்தார். அவர் காலையிலிருந்து கதிரையை விட்டு எழும்பாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. மெக்கானிக் என்றால் நல்ல சாமானைக் கழற்றி வைத்துவிட்டுப் பழையதைப் பூட்டுகிறவன் என்பது அவருடைய அசைக்கேலாத முடிவு. கிணற்றடிக்குப் போகும்போதுகூட இராசதுரையைக் கையோடு கூட்டிக்கொண்டு போனது அதற்காகத்தான்.

"பாக்கிறதுக்கு என்ன, பாருமன்" என்றார்.

புஸ்பராணி ஒரு கோப்பையை அடியில் வைத்து, கீழ்த் திருகாணியைக் கழற்றினாள்.

வந்தது எண்ணெய் இல்லை. பால் விட்ட கோப்பிபோல ஒன்று, நுரையோடு, கோப்பைக்குள் இறங்கியது.

"ஐயோ, என்ன இது!"

"தண்ணி போயிருக்கு ஐயா. எண்ணெய்க்குள்ள தண்ணி கலந்தா இப்பிடித்தான் வெளுக்கும்."

இராசதுரை இரண்டு விரலால் தொட்டான். தேய்த்தான். மூக்கடியில் கொண்டுபோனான்.

அப்படியே நின்றான்.

அவன் பார்வை கோப்பையிலிருந்து திருவலைக்குப் போயிற்று. திருவலையிலிருந்து பிழிந்து வைத்த தேங்காய்ப் பூவுக்கு. அங்கிருந்து அவள் முகத்துக்கு. புஸ்பராணி கண்ணைத் தாழ்த்தவில்லை. ஒரு சொல் சொன்னால் அவன் அவளைக் காட்டிக் கொடுத்துவிடலாம். சொன்னால், பெண்சாதி ஏன் எஞ்சினுக்குள் பால் விட்டாள் என்று கனகசுந்தரம் கேட்பார்.

"மண்ணெண்ணெய் விட்டு ரெண்டு தரம் அலசினாக் காணும்" என்றான் கடைசியில். "புது எண்ணெய் விடுவம். திறக்கத் தேவையில்லை."

அது உண்மைதான். அதுதான் சரியான வேலையும்கூட.

"கிளச் தட்டெல்லாம் ஊறியிருக்கும்" என்றாள் புஸ்பராணி. "ஆத்துக்கு நடுவில வழுக்கினா ஐயா இறங்கித் தள்ள வேண்டி வரும். லொறிக்காரன் நிண்டு பாப்பான்."

கனகசுந்தரத்துக்கு அந்த லொறிக்காரனின் சிரிப்பு காதில் விழுந்திருக்க வேண்டும். கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"திறவும் துரை!"

"நேரம் போகும் ஐயா. ஆறு ஏறிவிடும்."

"வேலையை வேண்டாமெண்டு சொல்லுற மெக்கானிக்கை இண்டைக்குத்தான் காணுறன். அந்தப் பிள்ளை திற எண்டுது, நீர் வேண்டாமெண்டுறீர். உள்ளுக்க ஏதும் ஒளிச்சு வைச்சிருக்கிறீரோ? திறவும்!"

இராசதுரை காபரேற்றரைக் கீழே வைத்தான். கையைத் துணியில் துடைத்தான். துடைக்கத் துடைக்க அவன் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்வதைப் புஸ்பராணி கண்டாள். மனதுக்குள் எதையோ ஒரு தரம் சரிபார்த்து முடித்தவன்போல இருந்தான்.

"சரி. திற" என்றான் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நீ தேடுறது அதுக்க இல்லை."

அந்தச் சொல்லை நின்று யோசிக்க அவளுக்கு அப்போது நேரமில்லை.

*

கிக்கர் கழன்றது. பிறகு திருகாணிகள். மணலும் தண்ணீரும் குடித்து இறுகிப்போயிருந்தன. திருப்புளியைத் தலையில் பொருத்தி, மேலே சுத்தியலால் ஓர் அடி, பிறகு திருகல். ஒன்று கழன்றது. நீளம் மாறாமல் இருக்க, கவரின் உருவம் கீறிய மட்டையில் அதற்குரிய ஓட்டையில் குத்தினாள். இரண்டு. மூன்று.

நான்காவது தலை மழுங்கத் தொடங்கியது. மழுங்கினால் துளைத்துத்தான் எடுக்க வேண்டும்; அதற்கு ஒரு மணித்தியாலம் போகும். புஸ்பராணி மூச்சைப் பிடித்து, முழு உடம்பையும் திருப்புளிமேல் சாய்த்தாள். 'டிக்' என்றது. கழன்றது.

ஐந்து. ஆறு.

"ஒரு மணியாகுது" என்றார் கனகசுந்தரம்.

ஏழு. எட்டு.

படலை திறபடும் சத்தம் கேட்டது. மழையில் நனைந்த ஓர் உருவம் பத்தி வாசலில் வந்து நின்றது. மெலிந்து போயிருந்தான். கையில் அந்தத் துண்டு கசங்கிக் கிடந்தது.

இராசதுரையின் கையிலிருந்த கோப்பை சரிந்து, பாலெண்ணெய் சாக்கில் ஊற்றுண்டது.

"தாஹிர்... நீ எப்பிடி...?"

"அக்காதான் துண்டனுப்பின, அண்ணன்." அவன் கண் மோட்டார் சைக்கிளை விட்டு எடுபடவில்லை. அருகில் வந்து, உடைந்த தட்டில் விரலை வைத்தான். "யா அல்லாஹ். இது என்ட சைக்கிள்தானே அக்கா? இந்தப் பிறை... நீங்க அராவின பிறைதானே?"

"ஆரின்ர சைக்கிள்?" கனகசுந்தரம் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "எடேய், என்ன கதைக்கிறாய்? ஆவணியில பதிவுப் புத்தகத்தோட வாங்கின சைக்கிள் இது. என்னைக் கள்ளனெண்டுறியளோ? இதுக்குத்தானோ புருஷனும் பெண்சாதியுமாக் கவரைக் கழட்டுறியள்?"

பக்கத்தில் கிடந்த ரயர் இரும்பு அவர் கைக்கு வந்துவிட்டது. தாஹிர் பின்வாங்கவில்லை. இழக்க இனி என்ன இருக்கிறது என்கிற மாதிரி நின்றான்.

"ஐயா!" புஸ்பராணி நடுவில் எழும்பி நின்றாள். "இன்னும் ரெண்டே ரெண்டு திருகாணி. உள்ளுக்க ஒரு தாள் இருக்கும். பச்சையா இருந்தா இது இவரின்ர. இவரின்ர கல்யாணக் காட் தாளில நானே வெட்டினது. பச்சை இல்லையெண்டா, உங்கட காலில விழுந்து மன்னிப்புக் கேக்கிறன். எஞ்சின் வேலை முழுக்கச் சும்மா செய்து தருவம்."

கனகசுந்தரம் அவளையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தார். இரும்பைக் கீழே வைக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார்.

"கழட்டும்."

ஒன்பது.

பத்து.

கவரின் விளிம்பில் மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டினாள். கவர் அசைந்தது. ஒரு நூலளவு இடைவெளி விழுந்தது. தாஹிர் குனிந்தான். அவனுடைய மூச்சு அவள் தோளில் பட்டது. கவரை எடுத்தாள்.

கஸ்கெற் எஞ்சின் பக்கம் முழுசாகப் படிந்திருந்தது.

மஞ்சள்.

"சொன்னனான்தானே" என்றான் இராசதுரை. "எல்லாச் சைக்கிளும் அந்தப் பக்கம்தான் விழும் எண்டு. மனிசரைக் கூப்பிட்டு வைச்சு மானம் கெட்டதுதான் மிச்சம்."

மழை மட்டும் தகரத்தில் அடித்தது. தாஹிர் நிமிர்ந்தான். முகத்தைத் துடைத்தான், மழைத்தண்ணீரோ என்னவோ.

"பரவாயில்ல அக்கா. நீங்க நினைச்சீங்களே, அதுவே பெரிசு. மூணு மணிக்குத் துறையில பாதைப் படகு போகுது, நான் அதுக்குப் போறன். அங்கால போனாத்தான் றுக்கியாவுக்கு இருட்டுறதுக்குள்ள சொல்லலாம்."

"நிண்டு போம்" என்றார் கனகசுந்தரம். இப்போது அவர் குரலில் வெற்றி இருந்தது. "முதலில இந்த அம்மா மன்னிப்புக் கேக்கட்டும்."

புஸ்பராணிக்கு அது காதில் விழவில்லை. கை பழக்கத்தில் வேலையைச் செய்தது. சவர அலகை எடுத்து, மஞ்சள் கஸ்கெற்றைக் கிழியாமல் உரித்துக்கொண்டே வந்தாள். ஆமணக்கெண்ணெயில் ஊறியது, வழுவழுவென்று வந்தது. எக்ஸோஸ்ற் குழாயின் சூடு படுகிற முன்மூலையில் மட்டும் பிடித்தது. அங்கே மெல்ல நெம்பினாள். மஞ்சள் விட்டது.

விட்ட இடத்தில், எஞ்சினின் உலோகத்தோடு ஒட்டிக் காய்ந்து, நகத்தளவு பச்சை.

யாரோ அவசரத்தில் சுரண்டியிருக்கிறார்கள். மூலை விடுபட்டுப்போயிருக்கிறது.

"தம்பி" என்றாள். "தம்பி, விளக்கைக் கொண்டாங்கோ."

தாஹிர் அரிக்கன் லாம்பைப் பிடித்தான். பச்சைத் துண்டில் பொன் எழுத்து கறுத்துக் கிடந்தது. ஆனால் வாசிக்க முடிந்தது. 'றுக்கி'. அதற்குப் பிறகு இல்லை.

தாஹிர் அந்தச் சாக்கில், அந்த எண்ணெயில், முழங்காலில் இருந்துவிட்டான். விரலால் அந்த மூன்று எழுத்தைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்தான்.

கனகசுந்தரமும் குனிந்து பார்த்தார். ரயர் இரும்பு அவர் கையிலிருந்து தானாக இறங்கியது. கனநேரம் பார்த்தார். ஊரை ஏய்த்துக் கல் உடைக்கிற மனிதரானாலும் கண்ணுக்கு முன்னால் கிடப்பதை இல்லையென்று சொல்கிறவர் அல்ல.

"கந்தளாயில ஒரு தரகன் தந்தவன்" என்றார் மெதுவாக. "ஆர் குடுத்ததெண்டு நான் கேக்கேல்லை. நாளைக்கு நானே வந்து சொல்லுறன் தம்பி, உம்மட விசாரணையில. இதையும் இப்பிடியே ஏத்திக்கொண்டு போவம்."

"அல்லாஹ் உங்களுக்கு நன்மை தரட்டும் ஐயா."

"அது சரி." கனகசுந்தரத்தின் கண் சுருங்கியது. அவருடைய பழைய சந்தேகம் திரும்பி வந்திருந்தது. இந்த முறை நேரான பாதையில். "பச்சையைச் சுரண்டிப்போட்டு மஞ்சளை வைச்சவன் ஆர்? அவன்தானே கள்ளன்? தங்கச்சி, அந்தத் தாளில எழுத்துக் கிழுத்து ஏதும் இருக்கோ?"

மஞ்சள் கஸ்கெற் புஸ்பராணியின் உள்ளங்கையில் வளையமாகக் கிடந்தது. அச்சுப் பக்கம் கீழே.

"ராணி, அதை இஞ்ச தா" என்றான் இராசதுரை. கையை நீட்டினான். "எண்ணெய்த் தாள். கிழிஞ்சுபோம்."

அவள் கையைக் கொடுக்கவில்லை. விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். விளிம்பு முழுக்கச் சின்னச் சின்னச் சுத்தியல் அடி; அடிக்கும் அடிக்கும் நடுவில் ஒரே இடைவெளி. தாளின் நிறம் வேறு, மூலையில் கிடந்த மஞ்சள் வேறு. மூலையில் இருந்தது தாளின் நிறமே இல்லை. அரைத்த மஞ்சள். அழைப்பிதழை ஊருக்குக் கொடுக்க முன் நாலு மூலையிலும் தொட்டு வைக்கிற மஞ்சள்.

"தா ராணி."

புஸ்பராணி தாளைத் திருப்பினாள்.

வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். ஆடி முடிகிற நேரம் சாக்கில் சுற்றி வந்த ஒரு கவர், 'நிலாவெளிக்காரர் அவசரமெண்டுறார், உடன வெட்டு' என்றது நினைவு வந்தது. அதற்கு நாலைந்து நாளில், அழைப்பிதழ் அடித்த பிறகும் தங்கச்சியின் கல்யாணச் செலவுக்கு வழியில்லாமல் வீடே சோர்ந்து கிடந்தபோது, 'சீட்டு விழுந்திட்டுது' என்று அவன் சிரித்துக்கொண்டு வந்து நின்றது நினைவு வந்தது. அந்த நாள் அவன் காலில் விழாத குறையாக அழுதாளே, அதுவும் வந்தது.

"என்ன தங்கச்சி, ஆரின்ர பேர் கிடக்கு?"

இராசதுரை நீட்டிய கையை இறக்கவில்லை. ஆனால் அவன் விரல்கள் மடங்கத் தொடங்கியிருந்தன.

"ஒன்பது மாசம்" என்றாள் அவள், அவனைப் பார்த்து. "படலைக் கொளுக்கியை நான்தான் போடேல்லையெண்டு ஒன்பது மாசம் நித்திரை கொள்ளேல்லை. நீங்களும் பக்கத்திலதான் படுத்திருந்தனீங்கள்."

பிறகு தாஹிரின் பக்கம் திரும்பி, லாம்பு வெளிச்சத்தில் தாளைப் பிடித்து, உரத்து வாசித்தாள்.

"'செல்வி தங்கரத்தினம்... ஆவணித் திங்கள் இருபதாம் நாள்...' என்ர தங்கச்சியின்ர கல்யாணக் காட், தம்பி. பங்குனியில களவுபோன எஞ்சினுக்குள்ள ஆவணிக் கல்யாணம். இதை வெட்டினது நான். பூட்டினது இவர்."